இரண்டு நாள் குறைந்த நோட்டீஸ்

அக்கா வீட்டில் எதிரொலி இல்லாத இடம் துணி அலமாரிதான். கதவைத் திறந்து வைத்து, எதிரில் நாற்காலி போட்டு, உள்ளே தொங்கும் அத்தானின் சீருடைப் பையில் போனைச் சொருகுவேன். மேல் பாதி வெளியே நிற்கும். கேள்வி அங்கே தெரியும். யோசிக்க முப்பது நொடி, பதில் சொல்ல இரண்டு நிமிடம். எதிரில் ஆள் கிடையாது. சட்டையைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

சட்ட நிறுவனங்கள் பயிற்சிக்கு ஆள் எடுப்பது இப்படித்தான். முதலில் விண்ணப்பம். பிறகு ஆன்லைன் டெஸ்ட். பிறகு கேமராவிடம் பேசுவது. அதையும் தாண்டினால் ஒரு நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார வைத்து, எழுத வைத்து, பேச வைத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கே நேர்காணல்.

சட்டத் தேர்வில் தேறியவர்கள் ஆறு வருடத்துக்குள் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு செல்லாது. முதலிலிருந்து எழுத வேண்டும். எனக்கு இது ஆறாவது வருடம். பதினொரு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். பத்து கைவிட்டுவிட்டன. மிச்சம் ஒன்று. அதில் நான்கு இடம்.

பகலில் ஒரு ஒப்பந்த வேலை. பெரிய வழக்குகளின் காகிதங்கள் கணினியில் வரும். ஒவ்வொன்றையும் படித்து, வழக்குக்குத் தொடர்பு உண்டு, இல்லை என்று குறிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு. வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்று ஒரு தடவையும் தெரிந்ததில்லை.

அத்தான் பஸ் ஓட்டுகிறார். அக்காவுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. அவர்களுக்கு ஆறு வயதில் இரட்டைப் பெண்கள். என் டெஸ்ட் அந்த வீட்டையே பிடித்துக்கொண்டது. ஒரு பத்தி கொடுத்து, கீழே ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். சரி, தவறு, சொல்ல முடியாது என்று மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். அத்தான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்பார்.

"சமையல் முடிஞ்சுதா?"

"சொல்ல முடியாது," என்பார்கள் இரண்டு பெண்களும்.

"உங்க அம்மா கோபமா இருக்காளா?"

"சரி."

"இதுக மட்டும் டெஸ்ட் எழுதினா எப்பவோ பாஸ் பண்ணியிருக்கும், வக்கீலம்மா," என்பார் என்னிடம். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். முதல் வருடம் அது பெருமையாக இருந்தது. பிறகு கேலியாக இருந்தது. இப்போது வெறும் பெயர்.

டைமரை நூலகத்தில் பழக்கம். என்னைவிட நான்கு வயது சின்னவள். தேர்வில் தேறி இரண்டு வருடம்தான் ஆகிறது. கழுத்தில் விளையாட்டு மாஸ்டர் மாதிரி ஒரு ஸ்டாப்வாட்ச் மாட்டியிருப்பாள். ஒன்றேமுக்கால் நிமிடத்துக்கு மேல் யாரையும் பேசவிட மாட்டாள். நான் அவளுக்கு வைத்த பெயர் டைமர். அவள் எனக்கு வைத்தது பெருசு.

சனிக்கிழமைகளில் நூலகத்தின் கூட்ட அறையை ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக்கொள்வோம். கண்ணாடி அறை. வெளியே இருப்பவர்களுக்கு நாங்கள் கையை ஆட்டுவது மட்டும் தெரியும்.

அங்கே எங்களுக்கு ஒரு முறை இருந்தது. மாத்திச் சொல்றது என்போம். நான் ஒரு பதிலைச் சொல்வேன். உடனே அவள் அதைத் தன் பதிலாக, நான் நான் என்று, திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டவளுக்கு எது நினைவில் நின்றதோ அதுதான் பதில். நிற்காததை வெட்டிவிட வேண்டும். பிறகு அவள் பதிலை நான் சொல்வேன். இப்படி மூன்று மாதத்தில் என் ஒன்பது பதில்கள் அவளுக்கும் அவள் ஒன்பது எனக்கும் மனப்பாடம். பதினெட்டில் நல்லது ஒன்றுதான். அது என்னுடையது.

கேள்வி, சட்டம் என்ன செய்யும் என்று முதலில் எப்போது உணர்ந்தீர்கள். எல்லா நிறுவனமும் ஏதாவது ஒரு வடிவத்தில் இதைக் கேட்கும்.

என் பதில் இது. எனக்குப் பதினைந்து வயதில் வீட்டுக்காரர் எங்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார். அலுவலக முத்திரை போட்ட காகிதம். முத்திரை இருந்தால் அதில் தப்பு இருக்காது என்பது அப்பாவின் எண்ணம். அன்றைக்கே பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தார். நோட்டீசின் பின்பக்கம் சின்ன எழுத்தில், முழுதாக இருபத்தெட்டு நாள் அவகாசம் தர வேண்டும் என்று இருந்தது. அக்கா காலண்டரைப் பிடித்துக்கொண்டு தேதிகளைச் சொன்னாள். நான் எண்ணினேன். இருபத்தாறு வந்தது. அவள் எண்ணினாள். இருபத்தாறு. மறுநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் எண்ணிப் பார்த்தார். நோட்டீஸ் செல்லாது என்றார். வீட்டுக்காரர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அதற்கு நான்கு மாதம் ஆனது. நான் பள்ளித் தேர்வை அந்த வீட்டில் இருந்தபடியே எழுதினேன்.

டைமர் முதல் தடவை மாற்றிச் சொன்னபோது அதில் அக்கா இல்லை.

"அக்கா எங்க?"

"நிக்கலை. எண்ணினது ரெண்டு பேருன்னா யாரை வேலைக்கு எடுப்பாங்க? ஒருத்தர்தான் எண்ணணும், பெருசு."

அக்காவை எடுத்துவிட்டேன். ஒன்றேமுக்கால் நிமிடத்துக்குள் வந்தது.

முடிவு மட்டும் சப்பென்று இருந்தது. இரண்டு வாரம் பல மாதிரி சொல்லிப் பார்த்தோம். ஒரு சனிக்கிழமை டைமர் மாற்றிச் சொல்லும்போது, ஸ்டாப்வாட்சைப் பார்க்காமலே, இப்படி முடித்தாள்.

"ரெண்டு நாள் எங்களுக்கு நாலு மாசம் குடுத்துச்சு. சட்டம்னா எனக்கு அந்த ரெண்டு நாள்."

நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"எழுதிக்கோ," என்றாள்.

எழுதிக்கொண்டேன். அலமாரி முன்னால் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒருநாள் அக்கா துணி மடித்து வைக்க வந்தவள் முழுதும் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. நான் அன்னைக்கு எங்க போயிருந்தேன், சினிமாவுக்கா?"

"நேரம் பத்தலைக்கா."

"எனக்கு ஒரு நொடி குடுத்திருக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மடித்ததை என் தலைக்கு மேலே இருந்த தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

கடைசி நிறுவனத்திலிருந்து எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. ஒரே நாள். டைமர் போனில் கத்தினாள். எனக்கும் சந்தோஷம்தான். நான்கு இடம் இருக்கிறதே.

அத்தான் அன்று காலை என்னைத் தன் பஸ்ஸிலேயே கூட்டிப்போனார். நிறுவனம் பதினான்காவது மாடியில். இறக்கிவிடும்போது, "முன் கதவு வழியாவே இறங்கு. இன்னைக்கு உனக்கு எல்லாம் முன்னால," என்றார். பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. அவர் அதற்கும் கையைக் காட்டினார்.

எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். சட்டையில் ஒட்டிக்கொள்ள எண் கொடுத்தார்கள். டைமர் ஏழு. நான் எட்டு. ஹெச்.ஆர். பெண் ஒருத்தி பட்டியலோடு எங்களை அறை அறையாக நகர்த்தினாள். காலையில் எழுத்துப் பயிற்சி. ஒரு ஒப்பந்தத்தைக் கொடுத்து, அதில் கட்சிக்காரருக்கு ஆபத்தான இடங்களை ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொன்னார்கள். அது எனக்குக் கைவந்த வேலை. நாளைக்கு நானூறு காகிதம் படிக்கிறவள். பத்து நிமிடம் மிச்சமிருந்தது.

பிறகு குழுவாகப் பேசுவது. ஒரு நெட்டைப் பையன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "அப்ப, இதுவரைக்கும் பேசினதைத் தொகுத்துச் சொல்லட்டுமா?" என்றான். தொகுக்க ஒன்றுமே இல்லாதபோதும் தொகுத்தான். டைமர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அன்று நான் சிரித்தது அப்போதுதான்.

நேர்காணல் மதியத்துக்கு மேல். நீளமான நடைபாதை. ஒரு பக்கம் நாற்காலிகள், ஒரு ஓரத்தில் தண்ணீர் ஜாடி, கோப்பைகள். ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். உள்ளே இரண்டு பார்ட்னர்கள், ஒரு அம்மா, ஒரு ஐயா. எல்லாருக்கும் அவர்களேதான் என்று ஹெச்.ஆர். பெண் சொன்னாள்.

டைமர் உள்ளே போனாள். நான் உதட்டை அசைத்து என் பதில்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒன்றுமில்லை. நேராகத் தண்ணீர் ஜாடியிடம் போய் ஊற்றினாள். கோப்பை நிறைந்தும் ஊற்றினாள். நான் போய் ஜாடியைப் பிடித்தேன்.

"வீட்டுக் கதையைச் சொல்லிட்டேன்," என்றாள்.

"எந்த வீட்டுக் கதை?"

"உன்னோடது."

ஹெச்.ஆர். பெண் கதவுக்குள் தலையை நீட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் என்னோட பதில், அந்த ஹாஸ்டல் மனுவைத்தான் ஆரம்பிச்சேன். அந்தம்மா, இது எல்லாரும் சொல்றதுதான், உங்க வீட்டுல ஏதாவது நடந்திருக்கான்னு கேட்டாங்க. எங்க வீட்டுல என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல. வாயைத் திறந்தேன். அது வந்துருச்சு."

"முழுசாவா?"

"முழுசா."

"கடைசி வரியும்?"

"அது நான் சொன்னதுதானே, பெருசு," என்றாள். சொன்ன பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"எட்டாம் நம்பர்," என்றாள் ஹெச்.ஆர். பெண்.

அறையில் ஜன்னல் பக்கம் வெயில். அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். ஐயா குறிப்பு எழுதுகிறவர். என் எழுத்துப் பயிற்சி அவர் முன்னால் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க. பதினாலாவது ஷரத்தைப் பிடிச்சது நீங்க மட்டும்தான்," என்றார்.

நன்றி சொன்னேன். அந்த நிமிடம் வரை இடம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கு அது தெரிந்தது.

அம்மா கேட்டார். சட்டம் என்ன செய்யும்னு முதல்ல எப்ப தெரிஞ்சுது?

என் வேலையைப் பற்றி ஆரம்பித்தேன். ஒரு நாள் இரண்டு கடிதங்களில் ஒரே ஆளின் கையெழுத்து வேறு வேறு மாதிரி இருந்ததைப் பார்த்தது. மேற்பார்வையாளரிடம் சொன்னது. பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. கதை பாதியில் நின்றது. அதை நான் ஒரு தடவையும் சொல்லிப் பார்த்ததில்லை.

"அது வேலை. அதுக்கு முன்னால? சட்டம் படிக்கணும்னு தோணினது எதனால?" என்றார் அம்மா. அன்பாகத்தான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை. ஹாஸ்டல் மனு எனக்கு மனப்பாடம். அது என்னுடையது இல்லை. என்னுடையது ஒன்றுதான்.

நடந்தது நடந்தபடி சொல்வோம் என்று நினைத்தேன். அக்காவை உள்ளே கொண்டுவந்தேன். காலண்டரைக் கொண்டுவந்தேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினதையும், அப்பா கோர்ட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதையும் சொன்னேன். இவை எதையும் நாங்கள் ஒன்றேமுக்கால் நிமிடத்தில் வைத்திருக்கவில்லை. ஐயாவின் பேனா இருபத்தாறு என்ற இடத்தில் நின்றது. அவர் முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நான் பேசிக்கொண்டே போனேன். கடைசி வரியைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். கவுண்டர் வந்தது. செல்லாது வந்தது. நூறு தடவை அடுத்து எது வந்ததோ அதுவே வந்தது.

"ரெண்டு நாள் எங்களுக்கு நாலு மாசம் குடுத்துச்சு."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதில் கோபம் இல்லை. ஒரு சோர்வு இருந்தது.

"இதுக்கெல்லாம் பயிற்சி வகுப்பு நடத்துறாங்களா இப்ப?" என்றார் ஐயா.

"இல்லைங்க. இது எனக்கு நடந்தது."

"கண்டிப்பா."

"எங்க அக்காவுக்குத் தெரியும். அவளும் எண்ணினா. நீங்க கூப்பிட்டுக் கேக்கலாம்."

"இது கோர்ட் இல்லம்மா. சாட்சியெல்லாம் வேண்டாம்," என்றார் அம்மா.

'எனக்கு முன்னால் வந்தவள்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் வாயில் இருந்தது. அடுத்தவர் கதையை எடுத்தவர்களும் அப்படித்தான் தொடங்குவார்கள். அவள் வெளியே தண்ணீர் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு, எங்கள் இருவரையும் அடுத்தடுத்து நிற்க வைத்துக் கேட்டால், அவள் என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

ஐயா பக்கத்தைத் திருப்பினார். "அடுத்த கேள்விக்குப் போவோம்."

மிச்சம் பதினைந்து நிமிடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவர் எழுதவில்லை.

போன் ஒன்பதாம் நாள் வந்தது. வேலை இடத்தில் மாடிப்படிக்குப் போய் எடுத்தேன். அந்த ஹெச்.ஆர். பெண்.

"உங்க எழுத்துப் பயிற்சி அன்னைக்கு வந்தவங்கள்ல முதல் இடம்."

"சரிங்க."

"ஆனா இந்தத் தடவை உங்களுக்கு இடம் தர முடியலை."

"எதுல குறைஞ்சுதுன்னு சொல்ல முடியுமா?"

காகிதம் புரளும் சத்தம். "நேர்காணல்ல. நம்பகத்தன்மைன்னு ஒரு இடம் இருக்கு. அதுல."

"அதுல என்ன எழுதியிருக்காங்க?"

"எழுதலை. மார்க் மட்டும்தான்."

"யாராவது திரும்பப் பார்க்க வழி உண்டா?"

"இல்லைங்க. அடுத்த வருஷம் நீங்க மறுபடி விண்ணப்பிக்கலாம்."

"அடுத்த வருஷம் முடியாது. எனக்கு ஆறு வருஷம் முடியுது."

"ஓ," என்றாள். பிறகு, "நல்லா இருங்க," என்றாள். உண்மையாகவே சொன்ன மாதிரி இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். நூற்றெண்பதாவது காகிதம். தொடர்பு இல்லை என்று குறித்தேன்.

வீட்டில் சொன்னேன். அத்தான் முதலில் அந்த நிறுவனத்தைத் திட்டினார். பிறகு லிப்ட், பதினான்காவது மாடி, அந்தத் தெருவில் பஸ் நிறுத்தம் இருக்கும் லட்சணம் எல்லாவற்றையும் திட்டினார். நடைபாதையில் நடந்ததை அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் ஒரு தலையணை உறையை மடித்து முடித்தாள்.

"அவளுக்குக் கிடைச்சுதா?"

"தெரியலை. போன் பண்ணினா. நான் எடுக்கலை."

"எடுத்து என்ன பேசுறது," என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை டைமரே வந்தாள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் இல்லை. உள்ளே வா என்று அக்கா சொன்னாள். நான் சொல்லவில்லை. அவள் வாசலிலேயே நின்றாள். நான் வெளியே வந்து கதவைப் பாதி சாத்தினேன்.

"எனக்குக் கிடைச்சிருச்சு," என்றாள்.

"ம்."

"நான் அவங்களுக்கு எழுதலாம்னு இருக்கேன். அது உன்னோடதுன்னு. போன்ல டைப் பண்ணி வச்சிருக்கேன். பாரு."

காட்டினாள். நன்றாக எழுதியிருந்தாள். ஐந்து வரி. ஒரு சொல் அதிகமில்லை.

"அனுப்பினா என்ன ஆகும்?"

"என்னைத் தூக்கிருவாங்க."

"எனக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். "விசாரிச்சேன். காலியாற இடம் வெயிட்டிங் லிஸ்ட்ல முதல்ல இருக்கிறவனுக்குப் போகும். அந்த நெட்டையன்."

"தொகுத்துச் சொல்றவனா?"

"அவன்தான்."

இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அப்ப என்கிட்ட எதுக்கு வந்த?"

"நீ அனுப்புன்னு சொன்னா அனுப்புறேன், பெருசு. வேண்டாம்னா விட்டுடுறேன். நீ சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏதாவது ஒண்ணு சொல்லு."

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன் கையில இருக்கு போன்."

"இப்படிப் பண்ணாத."

"நான் என்ன பண்ணினேன்?"

அவள் அழுதாள். எனக்கு அவள் மேல் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். மூன்று மாதம் அவளுடைய குரலில்தான் நான் என் வீட்டைக் கேட்டிருந்தேன். அனுப்பு என்று சொன்னால் அவள் இடமும் போகும், எனக்கும் ஒன்றும் வராது. வேண்டாம் என்றால் அவளுக்கு நான் கொடுத்ததாகிவிடும். கொடுக்க எனக்கு மனமில்லை. பிடுங்க வழியில்லை.

லிப்ட் கதவு திறந்தது. அத்தான் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வந்தார். பின்னால் இரட்டைப் பெண்கள். டைமரைப் பார்த்ததும் நின்றார். அவருக்கு நடைபாதை விஷயம் தெரியாது.

"இவதானே ஸ்டாப்வாட்ச் பொண்ணு? கிடைச்சிருச்சாம்மா?"

டைமர் கண்ணைத் துடைத்தாள். "கிடைச்சிருச்சுங்க."

"நல்லது. ஒரு வீட்டுக்காவது வெளிச்சம் வந்துச்சே." பைகளை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு அவள் தோளைத் தட்டினார். "அழாத. இவளுக்குக் கிடைக்கலைன்னு நீ அழுதா எப்படி? நல்ல சிநேகிதம்தான். சந்தோஷமா போய்ச் சேரு. இவ ஒண்ணும் நினைக்க மாட்டா. என்ன வக்கீலம்மா?"

இரண்டு பெண்களும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். டைமரும் பார்த்தாள்.

"ஆமா," என்றேன்.

அத்தான் உள்ளே போனார். லிப்ட் கீழே போய்விட்டிருந்தது. டைமர் பொத்தானை அமுக்கினாள். போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். படியில் போயிருக்கலாம். நானும் உள்ளே போயிருக்கலாம். இருவரும் லிப்ட் கதவுக்கு மேலே எண்கள் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.